மாடியில் நாற்று, தெருமுனையில் ஏரி

நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகள் பரணுக்கு ஏறிவிட்டன. பிள்ளைகள் அமைத்த 'பார்க்' மட்டும் இன்னும் கலையவில்லை. தாம்பாளத்து மண்ணில் தூவிய கடுகும் வெந்தயமும் கேழ்வரகும் விரல் உயரம் வளர்ந்து நிற்கின்றன. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் பல பிள்ளைகளுக்கு இதுதான் முதல் வெள்ளாமை. வெந்தயக் கீரையைக் கிள்ளிப் பருப்பில் போட்டதும் வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கும்: "மாடியில இந்த மழைக்கு என்ன போடலாம்?"

இந்தப் புறநகரில் பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள் ஏராளம். தீபாவளி நெருங்கினால் தாம்பரம் ரயில் நிலையமும், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் ஊருக்குப் போகும் கூட்டத்தால் நிரம்பி வழியும். திரும்பி வருகிறவர்களின் பையில் முறுக்கு, அதிரசத்தோடு ஒரு காகிதப் பொட்டலமும் இருக்கும். அதில் அம்மாவோ பெரியம்மாவோ சாம்பல் கலந்து எடுத்துவைத்த நாட்டு அவரை, சுரை, பீர்க்கன் விதைகள். நிலம் கைவிட்டுப் போனாலும் விதை கைவிட்டுப் போகவில்லை.

ஆனால் ஐப்பசியில் அந்த விதையை அவசரப்பட்டுப் போடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் அனுபவப்பட்ட வீடுகளில் இப்போது நடப்பது ஆயத்த வேலைதான். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைக்கிறார்கள். அடியில் உள்ள துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுக்கிறார்கள். தென்னை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதால், மழைக்காலக் கலவையில் அதைக் குறைத்து மணலைக் கூட்டுகிறார்கள். தளத்தின் வடிகுழாய் வாயில் சருகு சேராமல் தினமும் பார்க்கிறார்கள். அது அடைத்தால் செடியோடு சேர்ந்து கூரையும் கெடும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுக்குக் குழித்தட்டுகள் மழைச்சாரல் படாத இடத்தில் இருக்கின்றன. நாற்றழுகலுக்கு முன்னெச்சரிக்கையாக விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கிறார்கள். வயலுக்குச் சொல்லும் கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, மாடிக்கு ஒரு சிட்டிகைதான். கார்த்திகையில் மழை தணிந்த பிறகு நடவு. கூடவே முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர். பொங்கலுக்குக் காய் வரவேண்டும் என்பது வீட்டின் திட்டம்.

மாடியில் இருந்து பார்த்தால் தெருமுனையில் ஏரி தெரியும். இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களே ஏரிகளின் பெயர்கள்தான். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும் தொடர் அது. மேற்கே ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறு, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் திருநீர்மலை நோக்கிப் போகிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. 1,200 சதுர அடி மாடி ஒன்றில் மட்டும் 54,000 லிட்டருக்கு மேல் விழுந்த கணக்கு இது. ஏக்கருக்கு ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் ஏற்றி மீட்க வேண்டியிருந்தது.

அவ்வளவு மழை எந்த ஊரையும் திணறடிக்கும். ஆனால் சேதத்தைக் கூட்டியதில் இன்னொரு காரணமும் உண்டு. ஏரியின் ஆயக்கட்டில் நெல் விளைந்தவரை மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி இருந்தார். வரத்துக்கால்வாயை ஊரே கூடித் தூர்வாரியது. கலங்கல் வழிந்தால் எந்த வயல் வழியாகப் போகும் என்பது சிறுவனுக்கும் தெரியும். வயல் மனையானதும் ஏரி தேவையற்றது போல் ஆனது. கால்வாய் குறுகித் தெருச் சாக்கடையானது. தண்ணீர் மட்டும் பழைய பாதையை மறக்கவில்லை.

இப்போது அந்த நினைவு மெல்லத் திரும்புகிறது. 2019 வறட்சியில் குழாய் வறண்டபோது, சிட்லபாக்கம் ஏரியில் குடியிருப்போரே மண்வெட்டி எடுத்து இறங்கினார்கள். பிறகு அரசு நிதியில் ஏரி சீரமைக்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியும் சீரமைப்புக் கண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை நடை, தூண்டில், வலசைப் பறவை பார்ப்பது எனக் குடும்பப் பொழுதுபோக்கும் அங்கேதான். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

தாம்பரத்தில் இருந்து மேற்கே படப்பை, மணிமங்கலம் பக்கம் போனால் இன்னும் ஏரிப்பாசன நெல்லைப் பார்க்கலாம். சம்பா பச்சை கட்டி நிற்க, ஏரி நிறைந்தால் மார்கழியில் நவரைக்கு நாற்று விடலாம் என்று அங்கே கணக்குப் போடுகிறார்கள். வயலை ஒட்டியே மனைப்பிரிவின் கல்லும் நட்டிருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தாம்பரம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

நிலத்தை விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் குடும்ப நிலைமை. ஆனால் மனை போடும்போதே கால்வாயின் அகலத்தைக் கிராம வரைபடத்தில் பார்த்து, அதை விடச் செய்வது ஊராரின் கடமை. நகரம் நெருங்கும் எந்த ஊருக்கும், கிராம சபையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நம் ஏரியின் கலங்கல் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

தாம்பரத்து வீடுகளில் ஐப்பசி மாலைகளில் தாத்தாவும் பேத்தியும் குடையோடு ஏரிக்கரைக்குப் போய் வருகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேள்வி வருகிறது: "கலங்கலுக்கு இன்னும் எத்தனை அடி இருக்கு?" பதிலைப் பொறுத்துத்தான் நாற்றுத் தட்டு மாடியில் இருப்பதும், வண்டி மேட்டுத் தெருவுக்குப் போவதும்.