பொத்தான் யார் கையில்?

என் மகன் கடிப்பான். பல் தேய்க்கப் போனால் விரலை, சட்டை மாற்றப் போனால் தோளை. நாலு வயது. பெருமூளை வாதம், கை கால் விறைப்பு, பேச்சு இல்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்பார் மாமியார். கடிபட்ட ஆத்திரத்தில் எனக்கும் அது உண்மையோ என்று தோன்றும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் வலியைத் தேடச் சொன்னார். இந்தப் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு வலி இருக்கிறது, நாலில் ஒருவருக்கு நடத்தைச் சிக்கல் இருக்கிறது என்று 2012இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இடுப்பு மூட்டு, பல், வயிறு எல்லாம் பார்த்தோம். மலச்சிக்கல் சரியானதும் ராத்திரி அலறல் குறைந்தது. கடி குறையவில்லை.

அதன்பிறகுதான் பல புலன்களுக்கும் வேலை தரும் 'பல்புலன் அறை'க்குப் போனோம். 1970களில் நெதர்லாந்தில் 'ஸ்னூசெலன்' என்ற பெயரில் உருவான முறை இது. மங்கிய வெளிச்சம், குமிழிகள் ஏறும் உயரமான தண்ணீர்க் குழாய், கையில் அள்ளிக்கொள்ள ஒளியிழைகள், மெல்ல அதிரும் மெத்தை. வலிப்பு வருமா என்று விசாரித்த பிறகே விளக்கைப் போட்டார்கள். சிலருக்கு மின்னி மின்னி அணையும் ஒளி வலிப்பைத் தூண்டிவிடும்.

குமிழியை வேடிக்கை பார்த்தான், அவ்வளவுதான். தெரபிஸ்ட் அவன் முஷ்டிக்குக் கீழே ஒரு பெரிய பொத்தானை வைத்ததும் கதை மாறியது. அழுத்தினான், சிவப்பு நீலமானது. மறுபடி அழுத்தினான், பச்சை. வாய்விட்டுச் சிரித்தான். அவனாக முகத்தைத் திருப்பும் வரை யாரும் அவனைத் தூக்கவில்லை. "இங்கே அவன் சொல்றதுதான்மா" என்றார் தெரபிஸ்ட்.

தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, காலை நீட்டி மடக்குவது என நாளெல்லாம் அவன் உடம்பில் எல்லாம் அடுத்தவர் கையால்தான் நடக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவனிடம் இருந்தது பல் மட்டும்தான்.

அறையின் அமைதி ஆட்டோ ஏறும் வரைதான் நின்றது. வெளியிலும் அது நீடிக்கும் என்பதற்கு ஆய்வுகளிலும் வலுவான ஆதாரம் இல்லை. வீட்டுக்கும் அப்படி விளக்கு வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். அதற்குப் பதில், அவனைத் தொடுவதற்கு முன் சொல்கிறேன். தெரபிஸ்ட் காட்டியபடி, லேசாக வருடாமல் உள்ளங்கையால் அழுத்தமாகப் பிடிக்கிறேன். இரண்டு சட்டையைக் காட்டி, அவன் கண் எதில் நிற்கிறது என்று பார்க்கிறேன். சட்டை மாற்றுவதற்குக் கால் மணி நேரம் ஆகிறது, ஆகட்டும்.

மருந்துக்கு மட்டும் அவன் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது. அப்போது இன்னும் கடிக்கிறான். உன் கோபம் நியாயம்தான்டா என்று சொல்லிக்கொண்டே கொடுக்கிறேன்.