புதிய ஆயுதமும் பழைய எச்சரிக்கையும்

எங்கள் காலனியில் வசிக்கும் முதிய அன்பர் ஒருவர், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெற்று, கான்பூரில் செய்யப்பட்ட .32 ரிவால்வர் ஒன்றை வாங்கினார். புதியதுதானே என்று அவர் உடனே சுட்டுப் பார்க்க முற்படவில்லை.

முதற்கண் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டினார். குழல்வாயைச் செங்கற் சுவரின் பக்கம் திருப்பி, ரிவால்வரை மடித்துத் திறந்து, உருளையின் ஆறு அறைகளும் காலியே என்பதைக் கண்ணாலும் விரலாலும் ஐயமற அறிந்தார். பின்னர் குழலினூடே வெளிச்சம் பார்த்தார். துருப் பிடிக்காதிருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசை உள்ளே படிந்திருந்தது. குழலில் அடைப்பிருக்கச் சுட்டால் குழலே பிளந்துவிடக்கூடும். ஆகவே துணி கோத்த கோலினால் குழலையும் ஒவ்வோர் அறையையும், துணி வெண்மையாக வரும்வரை துடைத்து, மெல்லிய எண்ணெய் சிறிதளவே தடவினார். காலியாகவே விசையை இழுத்து, உருளை ஒழுங்காகச் சுழன்று நிற்கிறதா என்றும் சோதித்தார்.

"காலி என்று கடைக்காரர் சொல்லித்தானே கொடுத்தார்?" என்று வினவினேன்.

"அவர் சொல் அவர் கடையோடு சரி, தம்பி. இந்த வீட்டில் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்றார்.

இரும்புப் பெட்டியில் வைக்குமுன் மறுபடியும் அதைத் திறந்து, ஆறு அறைகளையும் எண்ணிப் பார்த்தார். பிறர் வாக்கை நம்பாமை சில இடங்களில் குற்றமன்று, கடமையே ஆகும்.