ரோட்டுக்கு மேலே மூன்றடி

நண்பர் ஒருவர் தாம்பரத்துக்கு மேற்கே அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறார். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு கரைதாண்டி வந்த கதை அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் மனை வாங்கினார். கையிலிருந்த பணத்துக்கு அங்கேதான் கிடைத்தது. அதனால் பேஸ்மெண்ட் எவ்வளவு உயரம் என்பதே வீட்டில் ஓயாத பேச்சு. ஒப்பந்தக் காகிதத்தில் அதைப் பற்றி ஒரே வரி: ரோட்டுக்கு மேல் மூன்றடி. அதைப் படித்துக் காட்டியபோது, "எந்த வருசத்து ரோட்டுக்கு சார்?" என்று மேஸ்திரி கேட்டாராம். "நீ வந்து அந்த மனுஷனைப் பார்க்கணும்" என்றார் நண்பர்.

போனபோது மார்க்கிங் நடந்துகொண்டிருந்தது. நான்கு மூலையிலும் முளைக்குச்சி, நைலான் நூல், ஓரமாக ஒரு டப்பாவில் சுண்ணாம்புத் தூள். மேஸ்திரி செஞ்சிப் பக்கத்துக்காரர். ஒரு மூலையிலிருந்து நூல்மேல் இந்தப் பக்கம் ஆறடி, அந்தப் பக்கம் எட்டடி அளந்து புள்ளி வைத்தார். இரண்டு புள்ளிக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் சரியாகப் பத்தடி வரவேண்டும். வந்தால் மூலை நேர்மூலை. இந்த ஊர் மனைகளில் இன்னொரு வசதியும் உண்டு. அரை கிரவுண்ட் என்பது பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது. அதன் குறுக்களவு ஐம்பது அடியேதான், கணக்கே போட வேண்டாம். மேஸ்திரி இரண்டு குறுக்கையும் பிடித்தார். ஒன்று 49 அடி 6 இஞ்ச், மற்றது 50 அடி 6 இஞ்ச்.

"மனை சாஞ்சிருக்குது" என்றார். பத்திரத்தில் 1,200 சதுர அடி. அளந்தாலும் அனேகமாக அவ்வளவுதான் வரும். ஆனால் சாய்ந்த மனைக்குள் நேரான வீட்டை வைத்தால் நீளத்தில் ஏழெட்டு இஞ்ச் போய்விடும். லேஅவுட் போட்டு விற்றவர்கள் கயிறு பிடித்த லட்சணம். எல்லைக்கல், புலப்படம், சர்வேயருக்கு மனு என்று நண்பர் அரை மணி நேரம் விளக்கினார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நான் டியூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டியூப் லெவல் என்பது கண்ணாடிபோல் தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். மேஸ்திரியுடையது ஐம்பது அடி இருக்கும், பழுத்து மஞ்சளாகியிருந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் இரண்டு துளி விட்டிருந்தார். குடத்திலிருந்து ஒரு முனை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி இழுத்து, குழாய் முழுவதையும் வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் போச்சு; இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. குழாயை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழ்களை மேலேற்றி வெளியே விட்டார். பிறகு இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டிலும் நீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தபின்தான் ஒரு முனையைச் சித்தாள் அம்மாவிடம் கொடுத்தார்.

காலை ஏழரைக்குள் இதை முடித்துவிட வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். வெயில் ஏறினால் தண்ணி பொய் சொல்லும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முனை நிழலில், மறுமுனை வெயிலில் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் குழாயில் இருபது டிகிரி சூடு கூடினால் தண்ணீர் விரிகிற விரிவில், ஐந்தடி உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை ஏறிவிடும். தரையில் கிடக்கும் பகுதி சுட்டால் பாதகமில்லை, நிற்கும் பகுதிதான் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் என்றால் மேஸ்திரி பாஷையில் மூன்று நூல். இஞ்சுக்கு எட்டு நூல்.

இந்த வேலையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "கழனியில" என்றார். சின்ன வயதில் அப்பாவோடு நாற்று நடுமுன் பரம்படித்தவர். தண்ணீர் கட்டிய கழனியில் பரம்பு ஓட்டினால் மேடு எது, பள்ளம் எது என்று தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். "அந்தக் கழனித் தண்ணியத்தான் சார் இதுல புடிச்சி வச்சிருக்குறேன்." மூன்றாண்டு மழை பொய்த்ததும் பன்னிரண்டு வயதில் சென்னைக்கு வந்து கலவை சுமந்தார். கொத்தனாராக ஏழெட்டு வருஷம் ஆனது. மேஸ்திரியானபின்தான் லெவல் பார்க்க விட்டார்களாம். அது வரை குழாயைத் தொட்டால் அடி விழுமாம்.

சித்தாள் அம்மா குழாயின் மறுமுனையோடு ஒவ்வொரு மூலையாகப் போனார். மேஸ்திரி தன் முனையை ஒரு குறியில் நிறுத்தி, "ஏத்து... இன்னும் ஏத்து... கொஞ்சம் எறக்கு" என்றார். "நின்னுடுச்சி" என்று அந்தம்மா சொன்ன பிறகுதான் மேஸ்திரி பேச்சை நிறுத்துகிறார். குச்சியில் கரிக்கோடு போடுவதும் அந்தம்மாதான். பதினைந்து வருஷமாக இந்த மறுமுனையைப் பிடிக்கிறார். கூலி என்னவோ கலவை சுமக்கிற கூலிதான். "பாக்குறவரு லெவல் பாத்தேன்னுவாரு. புடிக்கிறவ கை ஆடுச்சின்னா லெவல் எங்கேருந்து வரும்?" என்று என்னிடம் கேட்டார். மேஸ்திரிக்கும் காதில் விழுந்தது. மறுக்கவில்லை, சிரித்தார்.

பத்து மணிக்கு ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவியோடு டிப்ளமா படித்த தம்பி வந்தார். நண்பர் பிடிவாதமாகத் தன் செலவில் அரைநாள் வாடகைக்கு அழைத்தது. கான்ட்ராக்டருக்கு அதில் இஷ்டமில்லை. முக்காலியை நட்டு, வட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும், மீதி நுணுக்கச் சரிவை உள்ளே தொங்கும் பட்டகம் தானே பார்த்துக்கொள்ளும். தம்பி உடனே வேலையைத் தொடங்கவில்லை. தெருவில் அறுபது மீட்டர் இடைவெளியில் இரண்டு இடம் குறித்து, நட்டநடுவில் நின்று, இரண்டிலும் ஸ்டாஃப் என்கிற அளவுகோலை நிறுத்தி அளவு எடுத்தார். பிறகு கருவியை ஒன்றின் பக்கத்திலேயே கொண்டுபோய் மறுபடி எடுத்தார். இரண்டு முறையும் வித்தியாசம் ஒன்றாக வந்தால் கருவி நேராகப் பார்க்கிறது என்று பொருள். நடுவில் நின்று பார்த்தால் கருவிக்குள் இருக்கும் கோணல் இரண்டு பக்கமும் சமமாக விழுந்து கழிந்துபோகும். அதனால் வேலை முழுக்க முன்னும் பின்னும் காலடி எண்ணிச் சம தூரத்தில்தான் நின்றார். மேஸ்திரி இரண்டு முனையைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்ததும் இதே சந்தேகத்தால்தான்.

ஸ்டாஃபையும் அந்தம்மாதான் பிடித்தார். கை தவறிச் சாய்த்துவிடுவாரோ என்று தம்பி பயந்தார். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொன்னார், அதில் வரும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு. சொன்ன உடனே அந்தம்மா பிடித்துக்கொண்டார். மேஸ்திரி காலையில் போட்ட கரிக்கோடுகளைத் தம்பி ஒவ்வொன்றாகச் சோதித்தார். நான்கு மூலைக்குள் அதிகபட்ச வித்தியாசம் 3 மில்லிமீட்டர். "அதான் ஒரு நூலு" என்றார் மேஸ்திரி, தோற்றது போலவும் இல்லை, ஜெயித்தது போலவும் இல்லை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எதிர்வீடு மேஸ்திரி கட்டியது. கட்டும்போது வாசலில் ஐந்து படி வைத்தாராம், படிக்கு அரை அடி. இப்போது இரண்டுதான் தெரிகிறது. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார், அதன்மேல் மறுபடி தார். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டது பத்திரிகைகளில் வந்தது. இந்தத் தெருவுக்கு அந்தப் பத்திரிகை வரவில்லை போலும்.

ஆகவே ரோட்டிலிருந்து மூன்றடி என்பது ஏறிக்கொண்டே போகும் ஒன்றிலிருந்து மூன்றடி. தம்பி அதனால் ரோட்டைத் தொடவே இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் கருங்கல் மேடையைத் தன் ஆதாரப் புள்ளியாக எடுத்து, அதற்கு 100.000 மீட்டர் என்று பெயர் வைத்தார். உண்மையில் கடல் மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கத்தை அளந்துதான் இந்தியாவின் பழைய மட்டக் கணக்கே நிறுவப்பட்டது. இங்கிருந்து சிறிது தூரத்தில்தான் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் சங்கிலி பிடித்து இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். சமவெளி என்பதால் அந்த இடம். இன்று மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று வீடாகி நிற்கும் அந்த வெளிக்கு, ஐப்பசி மழைச் செய்தியில் தவறாமல் இடம் உண்டு. ஊரைச் சுற்றி இத்தனை அளவு இருந்தும் ஒரு வீட்டு மனைக்கு வரும்போது அளவு ரோட்டிலிருந்தே தொடங்குகிறது.

ஏன் என்று மேஸ்திரியிடமே கேட்டேன். அவர் சொன்னது எளிய கணக்கு. நண்பர் சதுர அடி விலைக்கு எஞ்ஜினியரிடம் கொடுத்தார், அவர் லேபர் கான்ட்ராக்டரிடம், அந்த ஆள் மேஸ்திரியிடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பங்கு கழிகிறது, ஒரு கையும் ஆட்டோ லெவலைத் தொட்டதில்லை. அதன் விலை நடுத்தரமான ஒரு செல்ஃபோன் விலை. அளப்பதில் யாருக்கும் பங்கு இல்லை, நிரப்புவதில்தான் இருக்கிறது. 800 சதுர அடித் தளத்தை ஓரடி உயர்த்தினால் 800 கன அடி, அதாவது 8 யூனிட் கிராவல். தண்ணீர் விட்டு இடித்தால் இறுகி இன்னும் கேட்கும். அது ஒப்பந்தத்தில் இல்லாத தனிக் கணக்கு. லோடுக்கு லோடு கமிஷன். "நாலடியா வச்சிடலாம் சார், பயமில்லாம இருக்கலாம்" என்று கான்ட்ராக்டர் நண்பரிடம் சொல்வதன் அக்கறை எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. பயத்தை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். எல்லா வீடும் நான்கடி ஏறினால் தெருவில் விழும் மழை எங்கே போகும்? பழைய வீட்டுக்குள். அங்கே வசிப்பவர்கள் பெரும்பாலும் கிராவல் வாங்க முடியாதவர்கள்.

நண்பர் கேட்டுக்கொண்டதால் தம்பி மழைநீர்க் கால்வாயின் அடித்தளத்தையும் தெரு நெடுக எடுத்தார். இதில் ஒரு குழப்பம்: தரை இறங்க இறங்க ஸ்டாஃபில் தெரியும் எண் கூடும். கால்வாய் தெருமுனை நோக்கி இறங்குவதாக இருந்தால் எண் கூடிக்கொண்டே போக வேண்டும். குறைந்தது. புத்தகத்தில் ஏற்றம் இறக்கம் என்று அவர் போட்ட கட்டங்களை இங்கே விட்டுவிடுகிறேன், முடிவு இதுதான்: மனைக்கு முன்னால் கால்வாய் அடி 98.940, தெருமுனையில் 99.060. தண்ணீர் 12 சென்டிமீட்டர் மேலேறிப் போனால்தான் வெளியேறும்.

"வாட்டம் பின்னுக்கு இருக்குது" என்று மேஸ்திரி ஒரே வரியில் முடித்தார். மாடித் தளத்துக்குப் பத்தடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் விடாத கொத்தனாரை அவர் வேலைக்கே வைத்துக்கொள்வதில்லை. கால்வாய் கட்டியவர்களுக்கு அப்படி ஒரு மேஸ்திரி வாய்க்கவில்லை.

நண்பர் பேஸ்மெண்ட்டை மூன்றரை அடியில் நிறுத்தினார், கோயில் மேடையைக் குறிப்பிட்டு. தம்பி எழுதிய தாளை நகலெடுத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கொடுத்தார். மறுநாள் செயலாளரே மனைக்கு வந்துவிட்டார்: பக்கத்து இரண்டு தெருவையும் இதே மாதிரி எடுத்துக் கொடுத்தால் மனுவோடு இணைக்கலாம், சங்கத்தில் அரைநாள் வாடகைக்குத்தான் பணம் இருக்கிறது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார், ஸ்டாஃப் பிடிக்க ஆள் இருந்தால். எல்லோரும் அந்தம்மாவைப் பார்த்தார்கள். கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "வரேன். ஆனா சித்தாள் கூலிக்கு வரமாட்டேன், கொத்தனார் கூலி" என்றார். செயலாளர் யோசித்தார். மேஸ்திரி அவரிடம், "குடுங்க சார், நானே குடுக்கணும்" என்றார்.