கறிவேப்பிலையும் கப்பல் சீட்டும்

பினாங்கு நகரின் பழம்பெருந் தெருக்களுள் சூலியா தெருவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரைச் 'சூலியர்' என்று அழைத்த வழக்கால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. தெருவின் ஓரிடத்தில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்கா நிற்கிறது. சற்றே மேற்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் குவிமாடம் தெரிகிறது. பக்கத்துத் தெருக்களில் செட்டிநாட்டார் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினர். தோளில் காவடித்தண்டு சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்றவர்களும் இப்பகுதியில் வாழ்ந்தவர்களே. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழனுக்கு மலாயா தன் முதல் முகத்தைக் காட்டியது இத்துறைமுகத்தில்தான்.

வாழ்வைத் தேடி வந்தவர்களைக் கண்ட அதே துறைமுகம், 1930 முதல் வாழ்வைத் தொலைத்துத் திரும்பியவர்களையும் கண்டது. தகரப் பெட்டியும் துணி மூட்டையும் அவர்கள் சொத்து. கையில் இருந்ததோ இலவசக் கப்பல் சீட்டு.

இந்த அவலத்தின் வேர் கடலுக்கு அப்பால் இருந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டி வாங்குவோர் குறைந்தனர். வண்டி ஓடாத இடத்தில் டயருக்கு வேலையில்லை. டயர் விற்காத நாளில் இரப்பருக்கு விலையில்லை. 1929-இல் இறாத்தல் ஒன்றுக்கு ஏறத்தாழ 34 காசு பெற்ற இரப்பர், 1932-இல் சராசரியாக 7 காசுக்கு இறங்கியது. ஈயத்தின் நிலையும் அதுவே. 1931-இல் அனைத்துலக ஒப்பந்தம் செய்து ஈய உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. இரப்பரையும் ஈயத்தையும் இரு கால்களாகக் கொண்டு நின்ற நாடு, இரண்டும் ஒருசேர இடறியபோது என்ன செய்யும்?

தோட்ட நிருவாகங்கள் முதலில் கூலியில் கை வைத்தன. நாள் ஒன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி, 1930-இல் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பின்னர்ப் பல இடங்களில் அதனினும் தாழ்ந்தது. அரசும் தன் ஊழியர்களைக் குறைத்தது. அரிசிக்கு அயல்நாட்டை நம்பியிருந்த குறை அப்போதுதான் உறைத்தது. நெல் விளைச்சலைப் பெருக்கும் நோக்குடன் 1932-இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை அமைக்கப்பட்டது. இது பின்னாளிலும் பயன் தந்த நற்செயல் என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் அரசு பெரிதும் நம்பிய மருந்து வேறு. வேலையற்றோரை நாட்டில் வைத்துக் காப்பதைவிட, நாட்டைவிட்டு அனுப்புவது எளிதென்று அது கருதியது. 1930 ஆகஸ்டு முதல் சீன ஆடவர் வருகைக்கு வரம்பு கட்டப்பட்டது. 1933-இல் அயலார் சட்டம் நடப்புக்கு வந்தது. தமிழர் பிரிட்டிஷ் குடிகளாதலின் இக்கட்டுப்பாடுகள் அவர்களைத் தொடவில்லை. அவர்களுக்கென்று தனி வழி இருந்தது. தொழிலாளர் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. இருந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி, ஆள் கொண்டுவரவே பிறந்தது. அந்நிதியே இப்போது ஆளைத் திருப்பியனுப்பவும் உதவியது. 1930 முதல் 1932 வரை ஏறத்தாழ 190,000 இந்தியத் தொழிலாளர் தாயகம் அனுப்பப்பட்டனர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் வாழ்ந்த இந்தியர் தொகையே சுமார் 620,000 என்பதை நோக்கினால் இதன் பெருக்கம் விளங்கும்.

பட்டினி கிடப்பதைவிடப் பிறந்த மண்ணுக்குத் திரும்புவது மேலன்றோ என்று சிலர் வினவலாம். விரும்பிச் சென்றவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் எதற்குத் திரும்பினர்? தமிழகச் சிற்றூர்களிலும் அப்போது நெல் விலை பெரிதும் சரிந்திருந்தது. உழவன் கடனில் மூழ்கியிருந்தான். வேலையின்மை தீரவில்லை, தோட்டத்திலிருந்து கிராமத்திற்கு இடம் மாறியது. மலாயாவின் கணக்கேட்டில் கழிந்த சுமை, தஞ்சையிலும் திருச்சியிலும் ஏழையின் அடுப்படியில் இறங்கியது. குழம்பு மணக்கும் வரை கறிவேப்பிலை வேண்டும். உண்ணும்போது அது இலையின் ஓரத்திற்குப் போய்விடும். அந்தத் தொழிலாளியின் நிலையும் அதுதான்.

எஞ்சியவர்கள் எவ்வாறு பிழைத்தனர்? இலயத்தின் பின்புறத்து நிலத்தைக் கொத்தினர். மரவள்ளியும் கீரையும் பயிரிட்டனர். குறைந்த கூலியைப் பங்கிட்டு உண்டனர். வணிகர்களும் தப்பவில்லை. செட்டியாரின் பெட்டியில் பணத்திற்குப் பதிலாகப் பத்திரங்களே குவிந்தன. கடனுக்கு ஈடாக நிலம் கைமாறுவதைத் தடுக்கக் கூட்டு மலாய் மாநிலங்களில் 1931-இல் சிறு நில விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் இயற்றப்பட்டன. சிறு நிலமுடையோர்க்கு அது காப்பு. ஆனால் நிலமும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் உழைப்பொன்றையே உடைமையாகக் கொண்டவனுக்கு எச்சட்டம் காப்பாயிற்று?

1934-இல் அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது, விலை நிமிர்ந்தது. உடனே ஆள் தட்டுப்பாடு என்ற குரல் எழுந்தது. உதவிப்பயணத்தில் தொழிலாளரை அழைத்துவரும் ஏற்பாடு மீண்டும் தொடங்கியது! அனுப்பிய கையே அழைத்தது. 1936 இறுதியில் மலாயா வந்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50, 40 காசுக் கூலியை மீட்டளிக்கவும் கங்காணி முறையைக் கைவிடவும் பரிந்துரைத்தார். 1938-இல் மீண்டும் கூலிக்குறைப்புப் பேச்சு எழுந்தபோது, இந்திய அரசு உதவிப்பயணத்தையே தடை செய்தது. ஒரு முறை பட்ட பாடம் மறு முறை பயன்பட்டது எனலாம்.

காலம் மாறியது. 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1957-இல் விடுதலை வந்தது. வேலையிழந்தோர்க்கு 2018-இல் காப்புறுதித் திட்டமும் வந்தது. அன்று கப்பல் சீட்டைப் பெற்றவனின் பேரப்பிள்ளை இன்று குடிமகனுக்குரிய உரிமையுடன் நிற்கிறான். உரிமை உடையவனை நெருக்கடியின்போது நாடு தாங்க முயல்கிறது. உரிமையற்றவனை ஏற்றியனுப்ப முயல்கிறது. 1930-களின் பொருளியல் மந்தம் புகட்டிய மெய்ப்பாடம் இதுவே.

இன்றும் சூலியா தெருவை ஒட்டிய உணவகங்களில் கடல் கடந்து வந்தவர்கள் தட்டுக் கழுவுகின்றனர், மேசை துடைக்கின்றனர். அவர்களுள் வங்காளதேசத்தவர் உண்டு, நேப்பாளத்தவர் உண்டு, தமிழகத்து இளைஞரும் உண்டு. 1997, 1998-ஆம் ஆண்டுகளின் நெருக்கடியில் முதலில் வெளியேறச் சொல்லப்பட்டவர்களும் அத்தகைய அயல்நாட்டுத் தொழிலாளர்களே. ஒரு காலத்தில் இலையின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டவனின் வழித்தோன்றல், இன்று இலையின் முன்னே அமர்ந்திருக்கிறான். பரிமாறுகிறவனின் முகத்தை அவன் நிமிர்ந்து நோக்கினால், அதில் தன் பாட்டனின் முகம் தெரியும்.