எழும்பூர் ஸ்டேடியத்தில் அப்பா தேடிய எதிரி!

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியத்துக்கு. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் முதன்முதலில் உள்ளே போனது 2007-ல். ஆசியக் கோப்பை ஃபைனல். தென் கொரியாவை 7-2 என்று இந்தியா புரட்டி எடுத்தது. அன்றிலிருந்து நான் பிரப்ஜோத் சிங் ரசிகை.

அப்பாவுக்கு எப்போதும் தன்ராஜ் பிள்ளைதான். புனே பக்கம் பிறந்த தமிழ்ப் பிள்ளை, 4 ஒலிம்பிக் ஆடியவர் என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஜென்ம எதிரி, பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ். டி.வி-யில் பாகிஸ்தானுக்கு பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் போதும், அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். 348 சர்வதேச கோல் அடித்த மனிதரை, சின்ன வயதில் நான் ஏதோ சினிமா வில்லன் என்றே நினைத்திருந்தேன்.

2023 ஆகஸ்ட் 9. ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. அதே ஸ்டேடியம், அதே பாகிஸ்தான். ஹர்மன்ப்ரீத் சிங் பெனால்ட்டி கார்னரில் 2 கோல் போட, 4-0 என்று ஜெயித்தோம். கேலரியே குதித்தது. அப்பா மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, சந்தோஷம் இல்லையா?”

“சந்தோஷம்தான் பாப்பா. ஆனா, அந்த சோஹைல் இருந்திருந்தா இவ்ளோ சுலபமா விட்டிருப்பானா?”

பக்கத்து சீட் பையன், “யாரு அங்கிள் சோஹைல்?” என்றான். அவன் கன்னத்தில் மூவர்ணம்.

அப்பா எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை. இல்லாத ஸ்டிக்கைப் பிடித்து, குனிந்து, ஒரு டிராக் ஃப்ளிக் போட்டுக் காட்டினார்!