கணக்கில் வராத நோயாளிகள்

கூலிம் ஹைடெக் பூங்கா, திங்கள்

காலை ஏழு மணிக்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடுகின்றன. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். பகல் ஷிப்ட்காரர்கள் கழுத்தில் அட்டை ஆட இறங்குகிறார்கள். 1996இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில் இன்டெல், இன்ஃபினியோன், ஃபர்ஸ்ட் சோலார் என்று பெரிய பெயர்கள் உண்டு. இந்தக் குறிப்பேட்டை எழுதுபவர் வேலை செய்வது அவ்வளவு பெயரில்லாத ஓர் இடத்தின் ஸ்டோரில். எந்தப் பெட்டி எப்போது வந்தது, எந்த லாட், எத்தனை மிச்சம், யார் கையெழுத்துப் போட்டு எடுத்தார் என எல்லாவற்றுக்கும் கணக்கு. இருப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கணினித் திரையில் சிவப்பு எரியும்.

இந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவர் படிப்பது டாக்டர் ராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பு. மலாயாவில் தோட்ட டாக்டராக இருந்து, ஜப்பானியரிடம் போர்க்கைதியாகி, சயாம்–பர்மா ரயில் பாதை முகாம்களில் வைத்தியம் பார்த்தவர். காவலர் கண்ணில் படாமல் எழுதி ஒளித்துவைத்த அந்தக் குறிப்புகள் 1983இல் புத்தகமாயின. போர்முனை வைத்தியம் என்றால் ஊரார் டாக்டரின் துணிச்சலைப் பேசுவார்கள். ஸ்டோர்க்காரரின் கண் போனது வேறிடத்துக்கு: எத்தனை நோயாளிகள் என்று எழுதியது யார்? அந்த எண்ணை யார் ஏற்றுக்கொண்டார்கள்?

செவ்வாய்

1943 ஜூலை 6ஆம் தேதிக் குறிப்பு. மலாயாவிலிருந்து தமிழர், சீனர், மலாய்க்காரர் எனப் பலரைக் கட்டாயமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார் ஹார்டி. அலோர் ஸ்டாருக்குப் போகிறோம், லேசான வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லித்தான் ரயிலேற்றினார்களாம். ஏறிய பிறகு காவல். ரயில் நின்றதோ சயாமில்.

அலோர் ஸ்டார்! கூலிமிலிருந்து காலையில் கிளம்பினால் வேலையை முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கெடாவைத் தாண்டித்தான் அந்த ரயில் சயாமுக்குள் நுழைய வேண்டும். சொன்ன ஊரைக் கடந்து போனபோது பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு அது தெரிந்ததா என்ற கேள்வியோடு அவர் அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டார். லூனாஸ், பாடாங் செராய் பக்கத்துப் பழைய லயங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்ற பேச்சு நெடுங்காலம் இருந்தது. போனவர் என்பதோடு பேச்சு நின்றுவிடும்; வந்தவர் என்று சொல்ல ஆள் குறைவு.

415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. போருக்குப் பின் கிடைத்த ஜப்பானியக் கணக்கின்படி மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 78,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்தவர்கள் ஏறக்குறைய 30,000. ‘ஓடிப்போனவர்கள்’ என்ற தலைப்பில் இன்னும் 24,000க்கு மேல். காலராக் காலத்தில் சயாம் காட்டுக்குள் ஓடி எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அந்தத் தலைப்பின் கீழ் எத்தனை பிணங்கள் கிடக்கின்றனவோ. ஸ்டோரில் கணக்கு உதைக்கும்போது ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு வரி போடுவார்கள், அப்படித்தான் தெரிகிறது அது.

புதன்

போர்க்கைதிகளின் முகாமில் படைப்பிரிவு டாக்டர்கள் இருந்தார்கள். கொதிக்கவைக்காத தண்ணீரைத் தொடாதே, கழிப்பறைக் குழியை மூடு என்று அதட்டி வேலை வாங்க அதிகாரிகள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருந்தது. தோட்டத்து ஆட்களின் முகாமில் இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது அந்த வித்தியாசம்தான் சாவு எண்ணிக்கையாக மாறியது.

காலராவுக்குக் கைதி டாக்டர்கள் செய்த வைத்தியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி, உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய் வழியாக இறக்குவார்கள். நுனியில் ஊசி இல்லை. சீவிக் கூராக்கிய மெல்லிய மூங்கில் துண்டு, வற்றிப்போன நரம்புக்குள். அப்படியும் ஆட்கள் பிழைத்தார்கள். ரப்பர் சீவியே பிழைத்த சனத்துக்கு அந்த ஒரு முழ ரப்பர் குழாயும் எட்டவில்லை என்பதை ஹார்டி போன்ற ஒரு தோட்ட டாக்டர் நினைக்காமல் இருந்திருப்பாரா?

ஜப்பானியருக்கே அச்சம் வந்தது. சாங்கி முகாமிலிருந்து போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கென்றே அனுப்பினார்கள். 1943 ஜூனில் ‘கே ஃபோர்ஸ்’: 30 அதிகாரிகள், 200 பேர். ஆகஸ்டில் ‘எல் ஃபோர்ஸ்’: 15 அதிகாரிகள், 100 பேர். போய்ச் சேர்ந்ததும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்துப் பாதை நெடுகச் சிதறவிட்டார்கள். பல ஆயிரம் நோயாளிகளுக்கு 45 அதிகாரிகள். இதை உதவி என்பதா, கண்துடைப்பு என்பதா? அனுப்பியவன் நோக்கம் எதுவானாலும், போனவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். அவர்களிலும் பலர் திரும்பவில்லை.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் கிடக்கிறார்கள், வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு. முகாம் டாக்டர்கள் பெயர், எண், நோய், தேதி என்று ஒளித்து எழுதிவைத்த ஏடுகளுக்கும் அந்த வரிசைகளில் பங்கு உண்டு. தமிழர் முகாமில் ஏடு எழுத ஆளில்லை.

வியாழன், இரவு ஷிப்ட்

ஸ்டோரில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். குறிப்பேட்டில் 66 ஆண்டுகள் தாண்டி இலங்கையின் வன்னி, உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்கள்.

2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது. அரசு மருத்துவர்கள் இருந்தார்கள்: சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா, இன்னும் சிலர். சம்பளம் கொழும்பிலிருந்து, வேலை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தில்.

2009 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பு மருத்துவமனை ஒன்பது முறை தாக்குதலுக்கு உள்ளானதாகப் பிறகு ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அது இருக்குமிடம் படைத்தரப்புக்குத் தெரியாததல்ல. மருத்துவமனை புதுமாத்தளனுக்கு நகர்ந்தது. பிப்ரவரி 9 அன்று அங்கே விழுந்த எறிகணைகளில் 16 நோயாளிகள் இறந்தார்கள். மறுநாள் செஞ்சிலுவைச் சங்கம் 240 பேரைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றியது. அதன் பிறகு மருத்துவமனை முள்ளிவாய்க்காலுக்கு.

ஸ்டோர்க்காரர் இரண்டு முறை படித்த பகுதி இது. அந்தப் பிப்ரவரியில் வன்னியில் 70,000 பேர்தான் என்றது அரசு. 3,30,000 என்று கணக்குக் கொடுத்தார்கள் மாவட்ட அதிகாரிகள். அதற்குக் கொழும்பிலிருந்து வந்தது கண்டிப்பு. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2,80,000க்கும் மேல். தலைக்கணக்கைக் குறைத்தால் மருந்துக் கணக்கும் தானாகக் குறையும். மயக்க மருந்தும் இரத்தப் பைகளும் கேட்டும் வரவில்லை. இருந்த மயக்க மருந்தில் தண்ணீர் கலந்தார்கள். காயத்திலிருந்து வழிந்த நோயாளியின் இரத்தத்தையே துணியில் வடிகட்டி அவர் உடம்பில் திரும்ப ஏற்றினார்கள். மூங்கில் ஊசிக் காலத்துத் துணி வடிகட்டி, 2009இலும்!

புலிகள் மக்களைப் போகவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், மருத்துவமனைகளுக்கு அருகிலிருந்தே ஆயுதம் இயக்கியதையும் அதே ஐ.நா. குழுவின் அறிக்கை சொல்கிறது. ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் படிப்பவர்கள் கெடாவிலும் இருக்கிறார்கள். சாயாக்கடையில் அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

வெள்ளி

அந்த வன்னி டாக்டர்கள் கத்தியோடு தொலைபேசியையும் பிடித்தார்கள். இன்று இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று வெளியுலகுக்குச் சொன்னார்கள். மே நடுப்பகுதியில் வெளியேறியதும் கைது. ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்காரவைக்கப்பட்டு, எண்களை மிகைப்படுத்திச் சொன்னோம் என்றார்கள். ஆகஸ்டில் பிணை. பின்னாளில் நாட்டை விட்டு வெளியேறிய வரதராஜா, அந்தப் பேச்சு நிர்ப்பந்தத்தில் பேசியது என்று சொன்னார். அறுவை செய்ததற்காக யாரும் அவர்களைக் கேள்வி கேட்கவில்லை. எண்ணிச் சொன்னதுதான் குற்றமாயிற்று.

மலேசியாவிலிருந்தும் போர்முனை வைத்தியத்துக்குப் போனவர்கள் உண்டு. கொசோவோவுக்காக 1999இல் டாக்டர் ஜெமிலா மாமுட் தொடங்கிய ‘மெர்சி மலேசியா’ இன்றும் இயங்குகிறது. 2003இல் பாக்தாத்தில் அவர் போன வண்டி சுடப்பட்டு, அவரே காயம்பட்டார். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேரைக் கொன்றது. இருக்குமிடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்கள் அங்கேயும்.

சனி, பட்டர்வொர்த்

விடுமுறை. கூலிம் நெடுஞ்சாலையில் அரை மணிப் பயணம். எல்லையற்ற மருத்துவர்கள் 2018இல் இங்கே ஒரு கிளினிக் திறந்தார்கள். குண்டு விழாத ஊரில் அவர்களுக்கு என்ன வேலை? மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரொஹிங்கியாக்கள்தான் வேலை. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஐ.நா. அகதிகள் ஆணைய அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அட்டை இல்லாவிட்டால் முழுக் கட்டணம், கூடவே இன்னொன்று: ஆவணமில்லாத நோயாளி வந்தால் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. பிரசவ வலியோடு ஒரு பெண் வாசலில் நின்று யோசிப்பது கட்டணத்தை மட்டுமல்ல.

சயாமில் பெயர் எழுதப்படாமலே போனார்கள். வன்னியில் எண்ணைக் குறைத்து எழுதினார்கள். இங்கே பெயர் எழுதப்பட்டுவிடுமோ என்று பயந்து காய்ச்சலோடு வீட்டில் கிடக்கிறார்கள். கட்டுமான வேலைக்கும் பழைய இரும்பு பொறுக்கவும் போகும் இந்த ஆட்களில் சிலர் கூலிம் பக்கத்திலும் குடியிருக்கிறார்கள். ஹைடெக் பூங்காவுக்குப் புதிய கட்டடம் எழும்பும்போது அவர்களைப் பார்க்கலாம், தலைக்கவசமும் சேறுமாக. எந்தக் கம்பெனியின் ஆள்கணக்கிலும் இருக்க மாட்டார்கள், துணைக் குத்தகைக்காரரின் சட்டைப்பை நோட்டைத் தவிர.