சுழி பார்த்தல்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்வோர் தனியே செல்வதில்லை. பல்லைப் பிடித்து வயதைச் சொல்லவும், சுழியைத் தேடிப் பார்க்கவும், நடையைக் கவனிக்கவும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வழக்கம். அவ்வாறு வருபவருக்கு அறிவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கும் முன்பாக, அந்த மாட்டின் மீது அவருக்கு ஆசை இல்லாதிருக்க வேண்டும்.

எங்கள் தமக்கையாரின் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக உழைப்பவன். விடுப்பில் வந்தவன், புதுச்சேரியில் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் கார் விலைக்கு வந்திருக்கிறது, 2008ஆம் ஆண்டு வண்டி, 18 இலட்சம் கேட்கிறார்கள் என்று கூறியபோது வீட்டில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அவனுடைய தந்தை கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு வாடகை ஜீப் ஓட்டியவர். கல்வராயன் மலையின் வளைவுகளில் முதல் கியரில் முனகியபடி ஏறிய அந்த ஜீப்பில், கடுக்காய் மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளை அவன். அதே சாலையில், எவரையும் எதையும் சுமக்காத ஒரு வண்டியைத் தன் மனம் போல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவனது நெடுநாளைய கனவு. அதனை வீண் ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தமக்கையார் மட்டும் ஒன்று கேட்டார்: "அதுல ரெண்டு பேருதான் உட்கார முடியுமாமே, நெசமா?"

மலை ஜீப்புகளைப் பழுது பார்த்தே தலை நரைத்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சென்றோம். வண்டி சிவப்பு நிறம். அதைக் கண்டவுடன் எங்கள் மருமகனின் முகம் மாறிவிட்டதை விற்பவரும் கவனித்துவிட்டார். மெக்கானிக் வண்டியின் அழகைப் பார்க்கவேயில்லை. நேரே பின்புறம் சென்று குனிந்து, புகைக்குழாயின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனார். "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருக்காங்க தம்பி. சூடு ஆறட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி. முதல் உயிர்ப்பில் வரும் புகை நீல நிறமானால் எண்ணெய் எரிகிறது. கரும்புகையானால் எரிபொருள் மிகுதி. வெண்புகை நெடுநேரம் நில்லாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. சூடேறிய பின் இவற்றுள் பல மறைந்துவிடும். நாங்கள் கடற்கரைக்குப் போய் இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினோம்.

அதற்குப் பின் நடந்ததை வாசகர்கள் சற்றுக் கற்பனை செய்து பார்க்கலாம். மெக்கானிக் முன்மூடியைத் திறந்தார். பெட்டி வைக்கும் இடம். பின்மூடியைத் திறந்தார்; அங்கும் பெட்டி வைக்கும் இடமே. எஞ்சின் எங்கே? இவ்வகைக் காரில் அது இருக்கைகளுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே, ஆறு உருளைகளும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் ஒளிந்திருக்கிறது. எளிதில் கண்ணில் படாது; வண்டியை உயரத் தூக்கி அடியிலிருந்து பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கியபோது சிறிது நீலப்புகை வந்து நின்றது. ஜீப்பாக இருந்தால் அந்தக் கணமே அவர் தலையை அசைத்திருப்பார். படுத்த உருளைகளில் நின்ற எண்ணெய் முதலில் சற்றே எரிவது இயல்பு என்று மருமகன் படித்து வைத்திருந்தான். அதுவும் உண்மைதான். "இதுல எனக்குத் தெரியாதது நிறைய இருக்கு" என்றார் மெக்கானிக். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் வாங்குபவர் முன்னிலையில் அவ்வாறு கூறுவது எளிதன்று.

தெரிந்தவற்றை அவர் விடவில்லை. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார்: முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பவை. முன்டயர்கள் 2015ஆம் ஆண்டினவை. ஓடிய தூரமாக மீட்டர் காட்டியது 31,000 கிலோமீட்டர். ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. முன்பம்பரின் இரு மூலைகளிலும் உள்ள காற்றுவாய்களில் விளக்கை அடித்துப் பார்த்தார். அவற்றின் பின்னால்தான் இக்காரின் ரேடியேட்டர்கள் உள்ளன. சருகு மண்டிக் கிடந்தது. கால்விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் மெருகேறிச் சந்தைக்கு வந்த கதைகள் அவருக்குத் தெரியும். நல்ல வேளையாக அந்த நாற்றம் இல்லை.

தாள்களைப் பார்க்கும் பொறுப்பு எங்களுடையது. புதுச்சேரிப் பதிவு, பதினைந்து ஆண்டுக் காலம் 2023இல் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. வரி குறைவு என்பதனால் பிற மாநிலத்தார் அங்கே ஒரு முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளத்தில் பெரிதாக வெடித்ததை வாசகர்கள் அறிவர். தமிழ்நாட்டிலோ 2023 நவம்பர் முதல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. பிற மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேயே மறுபதிவு செய்தாக வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ற வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை விற்பவர் சொன்ன விலையில் எவரும் சேர்த்திருக்கவில்லை.

மருமகன் ஒன்று கேட்டான். அவன் கேட்டதே சரியான கேள்வி. 1990களின் பிற்பகுதியிலிருந்து 2008 வரை வந்த இவ்வகை எஞ்சின்களுள் சிலவற்றில் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சின் முழுவதும் பாழானதுண்டு. அமெரிக்காவில் அது வழக்கு மன்றம் வரை சென்றது. எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்த்தால் உலோகத் துகள் மின்னும். எஞ்சின் எல்லை மீறிச் சுழற்றப்பட்டிருந்தால் வண்டியின் கணிப்பொறி அதனையும் பதிந்து வைத்திருக்கும். "சென்னையில் நிறுவனத்தின் பட்டறையிலேயே தூக்கிப் பார்த்துவிடலாம். செலவு என்னுடையது" என்றான். விற்பவர் புன்னகை மாறாமல் மறுத்தார். மாலையில் வேறொருவர் முன்பணம் தரப்போகிறார் என்றார்.

அங்கே எங்கள் மருமகன் நின்ற நிலை இன்னும் எங்கள் கண்ணில் இருக்கிறது. சாவி அவன் கையில் இருந்தது. ஒன்பது ஆண்டு உழைப்பு வங்கியில் இருந்தது. ஆறு நாளில் விமானம். அவனிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று மெக்கானிக் எங்களுக்குக் கண்ணால் காட்டினார். நாங்களும் சொல்லவில்லை. ஐந்து நிமிடமாவது இருக்கும். பின்னர் அவன் சாவியை மேசைமேல் வைத்தான்.

திரும்பும் வழியில் மெக்கானிக் கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய சொகுசுக் காரின் விலை ஆண்டுதோறும் இறங்கும். அதன் உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை. காலில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினாலும் கிளட்சும் பிரேக்கும் முழு விலைக் காருக்கு உரியவையே. பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறது. 2008இல் அந்தக் கார் அதனை எண்ணிச் செய்யப்பட்டதன்று. வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர் என்பது சாலை விதி. நம் ஊர்களில் அவரவர் விருப்பம் போல் எழுப்பியிருக்கும் மேடுகள் எந்த விதியையும் அறியாதவை. வெள்ளிமலைக்குப் போகும் வழியில் அந்தக் காரின் வயிறு எத்தனை இடத்தில் தட்டும் என்று இருவரும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். தியாகதுருகம் வருவதற்குள் மருமகன் சிரித்துவிட்டான்.

ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. சென்ற ஞாயிறன்று சிங்கப்பூரிலிருந்து பேசினான். கோயம்புத்தூரில் ஒரு வண்டி இருக்கிறதாம், தமிழ்நாட்டுப் பதிவு, பட்டறையில் தூக்கிப் பார்க்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறாராம். மெக்கானிக்கிடம் சொன்னோம். "போலாம் சார். ஆனா எந்த நேரத்துக்கு வர்றோம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.